சூட்கேஸோடு மேலே போன தண்ணீர்

காலை ஏழு இருபதுக்குத்தான் எல்லாம் தவறத் தொடங்கியது. மைசூர் பஸ் நிலையத்தில், ஊட்டி பஸ்ஸின் கூரைமேல் எங்கள் சூட்கேஸ் ஏறிய நேரம் அது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தசரா விடுமுறை. என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகக் கூடலூரில் தாய்வீட்டில் இருந்தாள். ஆறு வயது மகளை அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் புறப்பட்டிருந்தேன்.

அந்த சூட்கேஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அந்தக் கோடையில் மஞ்சள்காமாலை வந்து தேறியிருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தவிர வெளியில் எதுவும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் குழந்தை. தண்ணீர் பாட்டிலை எந்தக் கையில் பிடிப்பது? தோளில் மாட்டினால் பஸ் ஏறும் நெரிசலில் வார் அறுந்துவிடும். நான் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் வேலை பார்த்தவன். எந்தப் பிரச்சினையையும் காகிதத்தில் படமாகப் போட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சூட்கேஸின் பக்கவாட்டில் தொங்கும்படி பாட்டிலுக்கு ஒரு பை செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் பழைய ரெக்ஸினில் ஒன்று தைத்தேன். சூட்கேஸைப் படுக்கவைத்தால் பாட்டிலும் படுத்துக்கொண்டு மூடி வழியாக ஒழுகியது. அடுத்தது கம்பியை வளைத்து ஒரு வளையம். பாட்டில் வழுக்காமலிருக்க அதன்மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன். அடியில் கட்டில் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து ஒரு தொட்டில் மாதிரி ஆக்கினேன். வளையம் தானாக ஊசலாடும். பெட்டி எப்படிச் சாய்ந்தாலும் பாட்டில் நிமிர்ந்தே நிற்கும்.

மனைவியின் தையல் மெஷினில் ஊசியை உடைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இன்னும் கண்முன் இருக்கிறது. ஜன்னல் வழியே வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. மகள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாட்டிலுக்கு சட்டை தைக்கிறியாப்பா?”

“ஆமா, பெல்ட்டோட.”

“பாக்கெட் இல்லாம என்ன சட்டை?”

அவள் கேட்டாளே என்று ஒரு சின்னப் பாக்கெட்டும் வைத்தேன். அதில், பஸ் பயணத்துக்கு முன்னால் அவள் போடும் வாந்தி மாத்திரை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன், ஓடினேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மகள் கை தட்டினாள். மனைவியிடம் காட்டிப் பெருமையடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம்.

நான் யோசிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பெட்டி எங்கே போகிறதோ, தண்ணீரும் அங்கேதான் போகும்.

தசராக் கூட்டத்தில் பஸ் வந்து நின்றதுமே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் சுமை ஏற்றுகிறவர் பெட்டியைக் கூரைக்குக் கொண்டுபோய்க் கயிறு கட்டிவிட்டு இறங்கியிருந்தார். மகளை ஜன்னலோரம் உட்கார வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பஸ் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டாக வேண்டும். இல்லையென்றால் நஞ்சன்கூடு தாண்டுவதற்குள் அவள் துவண்டுவிடுவாள்.

“எந்திரிக்காத. தண்ணி எடுத்துட்டு வந்துடறேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பின்பக்க ஏணிக்கு ஓடினேன். கண்டக்டர் அருகில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கன்னடம் அப்போது அரைகுறை. கூரையைக் கை காட்டி, “ஹத்லா சார்?” என்றேன்.

அவர் நிமிரவே இல்லை. “ஹத்தி, ஹத்தி, பேக ஹத்தி.”

ஹத்து என்றால் ஏறு. நம் தமிழைப் போலவேதான், பஸ்ஸுக்குள் ஏறுவதற்கும் அந்தச் சொல், பஸ்மேல் ஏறுவதற்கும் அதே சொல். அவர் சீக்கிரம் உள்ளே ஏறச் சொன்னார். நான் மேலே ஏற அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

கயிற்றுக்கு அடியில் கைவிட்டுப் பாட்டிலை உருவிக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. பஸ் நகர்ந்தது. நான் குப்புற விழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை உள்ளேதானே இருக்கிறாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று முதலில் ஒரு தைரியம். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன்.

பிளாட்பாரத்தில் மஞ்சள் கவுன் போட்ட என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

கத்தினேன். அவள் பஸ்ஸின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எந்தக் குழந்தைக்குத் தோன்றும்? பஸ் திரும்பியது, மஞ்சள் நிறம் மறைந்தது.

கூரையை இரண்டு கைகளாலும் அறைந்தேன். டிரைவருக்குக் கேட்கவில்லை. அரண்மனை, அதற்கப்பால் சாமுண்டி மலை எல்லாம் அந்த உயரத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தன. சாலையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்கள். கடைசியில் ஒரு சர்க்கிளில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார். யானைமேல் ஊர்வலம் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பஸ்மேல் போகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் கன்னடத்தில். எனக்கு “மகளு, மகளு” என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. அவர் முகம் மாறியது. அந்த வழியாக வந்த ஆட்டோவை மறித்து என்னை உள்ளே தள்ளினார். பெட்டியை குண்டலுபேட்டையில் இறக்கி வைக்கிறேன் என்று கண்டக்டர் என்னவோ சொன்னார். பெட்டி யாருக்கு வேண்டும்?

பஸ் நிலையத்துக்குத் திரும்பியபோது அவள் நின்ற இடத்தில் அவள் இல்லை.

பழக்கடையில் கேட்டேன். கழிப்பறை வாசலில் கேட்டேன். விசாரணை அறையில் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். நின்றிருந்த பஸ்களின் சக்கரங்களுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் தேடினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இப்போது அந்த மகள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக விமானத்தில் போகிறாள். போன மாதம் பெட்டியின் கைப்பிடியில் மாட்டுகிற ஒரு துணிப்பை வாங்கியிருந்தாள். காபி டம்ளர் வைக்க ஒரு குழி, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு குழி. நான் அன்று காகிதத்தில் போட்ட படம்தான் கொஞ்சம் அழகாக வந்திருக்கிறது. “நீ விக்காம விட்டுட்டியேப்பா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் அவள் இறங்கிப் போன் செய்கிறவரை நான் உட்காருவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரம் வேறு, கைக்கு எட்டுகிற தூரம் வேறு. அந்தக் கூரைமேல் படுத்திருந்தபோது தெரிந்துகொண்டது அது. உடம்பு இன்னும் அதை மறக்கவில்லை.

அன்று விசாரணை அறை வாசலில் நான் உட்கார்ந்துவிட்டபோது, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நர்ஸ் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தவராம். அவர் கையைப் பிடித்தபடி என் மகள். நான் எழுந்து ஓடினேன். அவர் குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இருங்க, இருங்க. கொழந்தைய பஸ்ல விட்டுட்டு நீங்க எல்லி போனீங்க?” என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

“மேல.”

“மேலன்னா?”

விரலால் காட்டினேன். என் சட்டை கிழிந்திருந்தது. முகமெல்லாம் கூரைப் புழுதி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்பா ஏறல, பஸ்ஸ நிறுத்துங்கன்னு சொல்ல எறங்குச்சாம். நிறுத்தறதுக்குள்ள போய்ட்டான். அழவே இல்ல பாருங்க” என்றார். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்தார். “பாப்பா, அவசரமில்ல. நல்லா பாத்து சொல்லு. இவருதானா உங்கப்பா?”

என் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கிழிந்த சட்டையில் அவள் கண் கொஞ்சம் நின்றது. அப்புறம் அவர் காதருகே போய், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்.

“எங்கப்பாதான் ஆன்ட்டி. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம்.”