ஆமினா பீவியின் சீனச் சேனல்

கோவை கரும்புக்கடைப் பகுதியில் டிஷ் மாட்டும் ஜபருல்லாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "எந்த நாட்டுச் சேனல் வேணும், சொல்லுங்க, இழுத்துப்போட்டுத் தாரேன்" என்பார். பெருமைதான், ஆனால் பொய்யில்லை. மக்காவின் நேரலை கேட்டவர்களுக்கும் கால்பந்துப் பைத்தியங்களுக்கும் மொட்டைமாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்.

போன வருடம் அவர் மனைவி ஆமினா பீவிக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. அடுத்தவர் பேசுவதும் பாதிக்குமேல் விளங்கவில்லை. டிவியில் யாராவது தமிழில் பேசினால் போதும், தன்னைத்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று பதறி, பதில் சொல்லப் பார்த்து, வராமல் அழுவார். தட்டில் போட்ட சோறு அப்படியே காயும்.

ஒருநாள் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சீன அரசு நடத்தும் ஆவணப்படச் சேனல் ஒன்று தற்செயலாக விழுந்தது. கொஞ்ச நேரம் சீனம், கொஞ்ச நேரம் ஆங்கிலம். மலை, ஆறு, மூங்கில் தின்னும் கரடி. மகள் ஆஃப்ரினின் கல்லூரி ஆங்கிலத்துக்கும் அந்த வேகம் பிடிபடவில்லை. அங்கே பேசுவது வீட்டில் ஒருவருக்குமே புரியாது. தனக்கு மட்டும் விளங்கவில்லையே என்று ஆமினா பீவி வெட்கப்பட வேண்டியதில்லை. கரடியைப் பார்த்தபடியே ஒரு தட்டுச் சோறு இறங்கியது. ஜபருல்லா அன்றைக்கு வேலைக்கே போகவில்லை.

இந்த மாதம் அந்தச் சேனல் வேறு செயற்கைக்கோளுக்குப் போய்விட்டது. அது கோவை வானத்தில் ஏறவே ஏறாது. ஆஃப்ரின் செல்போனில் தேடிப்பிடித்து அதே கரடியைக் காட்டினாள். நடுவில் ஒரு தமிழ் விளம்பரம் வந்து, "உங்கள் வீட்டில் எறும்புத் தொல்லையா?" என்று கேட்டுத் தொலைத்தது. ஆமினா பீவி போனைத் தள்ளிவிட்டார். அதிலிருந்து கஞ்சிகூட இறங்கவில்லை. கணவரைப் பார்ப்பதும் மாடிப்பக்கம் கை காட்டுவதுமாக இருந்தார்.

"ஏனுங்க அத்தா, வராதுன்னு தெரிஞ்சும் எதுக்கு மேல போறீங்க?" என்று அப்பாவைக் கேட்டாள் ஆஃப்ரின்.

"உங்கம்மா கை காட்டறாள்ல கண்ணு. சும்மா எப்படி உக்காந்திருக்கறது?"

மாடியில் டிஷ்ஷை ஒரு விரற்கடை திருப்பினார், பழையபடி வைத்தார், மறுபடி திருப்பினார். தினமும் ஊரார் மாடிகளில் செய்கிற வேலை. கை பழக்கத்தில் போக, வாயும் பழக்கத்தில் போய்விட்டது. கைப்பிடிச் சுவரில் குனிந்து, "வந்துருச்சுங்களா?" என்று கீழே குரல் கொடுத்துவிட்டார்.

ஆஃப்ரின் பதில் சொல்வதற்குள் ஆமினா பீவி முந்திக்கொண்டார். கேட்டது கணவர்; சொல்லியாக வேண்டும் அல்லவா. ஒரே எழுத்து, திரும்பத் திரும்ப, அழுகையோடு மாடிவரைக்கும் ஏறி வந்தது. ஜபருல்லா டிஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். ஒண்ணுமில்ல ஆமினா, விட்டுரு என்று சொல்லலாம் என்றால், அதுவும் தமிழ்தானே.