பசை காயாத கிரீடம்

குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு வேடங்கட்டுவோர் பலரும் அந்தப் பட்டறைக்காரரிடம்தான் கிரீடம் செய்துகொள்வார்கள். மெலிந்த உடல், விரல் நுனிகளில் எந்நேரமும் பொன்வண்ணத் தூள். ஒவ்வொரு கண்ணாடிச் சில்லையும் ஒட்டியதும் கிரீடத்தைத் தம் தலையில் வைத்து, சுவர்க்கண்ணாடியில் பார்ப்பது அவர் வழக்கம்.

என் நேர்த்திக்கடனுக்குரிய காளி கிரீடத்தைக் கேட்கச் சென்ற முற்பகலில், அவர் மனைவி துவண்ட மகளைத் தோளில் சுமந்து பட்டறை வாசலில் நின்றார்.

"பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்ச விடல. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்களேன்."

"ஏளா, கோயில்ல தசராக் கொடி ஏறிட்டுல்லா? இந்த ஒண்ண முடிச்சிட்டு வாரேன். நீ முன்னால போ."

"போன வருசமும் இதத்தான் சொன்னிய."

கிரீடம் சூடிய தலையோடு அவர் திரும்பினார். குழந்தை அவரைக் கண்டு அலறி, தாயின் கழுத்தில் முகம் புதைத்தது.

அவர் தயங்கினார். "அண்ணாச்சி, நாளைக்கு வாரியளா?"

தேவியின் புகழை நாளும் ஓதிய நாவால் நான் சொன்னேன்: "அம்மன் வேலைதானே செய்யுதீரு? பிள்ளைய அவ பாத்துக்கிடுவா."

அவர் மீண்டும் பசையைத் தொட்டார். மனைவி தனியே நடந்தார்.

மாலையில் பட்டறை திறந்து கிடந்தது, ஆளில்லை. எதிர்க்கடைக்காரர் சொன்னார்: "ரெண்டு தடவ போன் அடிச்சுது, அண்ணாச்சி. உங்க கிரீடத்த முடிச்சிட்டுத்தான் எடுத்தாவ. பெறவு செருப்புகூட போடாம ஓடுனாவ."

கிரீடத்தின் பசை என் விரலில் ஒட்டியது.

பிள்ளை பிழைக்கவில்லை; தசராவின் பத்தாம் நாள்வரை பட்டறை திறக்கவில்லை. அன்று அந்தக் கிரீடத்தைச் சூடி அம்மன் சந்நிதியில் நின்றேன். ஆயுள் முழுதும் ஓதிய பதிகங்களில் ஒன்றும் நாவுக்கு வரவில்லை.