ஹயசிந்த் அத்தையின் கத்திரி

"மூச்சை இழுத்துப் பிடிக்காதேடி. இப்போ உள்ளே தள்ளுற வயித்தை ஊர்வலத்தன்னிக்கு எங்கே கொண்டுபோய் வெப்பே?" டேப்பை இடுப்பில் சுற்றியபடியே அதட்டுகிறாள் ஹயசிந்த்.

வந்தவள் விடுவதாயில்லை. "முப்பதுன்னே வெட்டுங்க அத்தை. திருவிழாவுக்குள்ளே இளைச்சிடுவேன்."

"ஆகட்டும் ராசாத்தி, முப்பதே" என்பாள். கத்திரி முப்பத்துநாலில் போய் நிற்கும். ஃப்ளாட்புஷ் வட்டாரத்துக் கரீபியப் பெண்கள் வசந்தத்தில் சொல்லும் இடுப்பளவு ஒரு வேண்டுதல் மாதிரிதான். வேஷம் கட்டி ஆடிப்போகும் செப்டம்பர் ஊர்வலத்துக்குள் அது பலித்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் வேஷம் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்தியதும் "பார்த்தீங்களா அத்தை, இளைச்சுட்டேன்!" என்று குதிப்பார்கள். இவள் புளி உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "துரும்பா இளைச்சுட்டே" என்பாள்.

ஹைத்திக்காரர் பேக்கரிக்குக் கீழே நிலவறையில் இருக்கிறது அவளுடைய தையல்கூடம். மேலிருந்து ரொட்டி வாசனை இறங்கும்; கீழே கருக்கிய சர்க்கரையில் கோழியும் சோறும் வேகும். துணி கொண்டுவரும் வங்காளிக் கடைக்காரரைக்கூடச் சாப்பிடாமல் அனுப்பமாட்டாள். வேஷத்துக்கான சிறகு மூட்டைமேல் தெரியாமல் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சோறு கிடையாது, வசவுதான்.

அவள் கத்திரியின் குட்டைக் கண்டுபிடித்தவள் ஒருத்திதான்: டல்சி, கிரெனடாக்காரி. வருஷக்கணக்காக ஊர்வலத்தில் நீலக்குழுவின் முன்வரிசையில் இவள் தோளில் கைபோட்டு ஆடியவள். ஒரு வருஷம் தைத்து முடித்த ரவிக்கையில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டாள்.

"என்னைக் குண்டச்சின்னு நினைச்சுத்தானே சேர்த்து வெட்டினே?"

"போட்டுக்கிட்டு மூச்சு விடுறியே, அது யார் புண்ணியம்?"

அவ்வளவுதான். டல்சி போட்டிக்குழுவான சிவப்புக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தாள். சந்தையில் வாழைக்காய்க் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, பேச்சில்லை. "சின்னத் தீவுக்காரிக்கு ரோஷம் மட்டும் பெருசு" என்று பெரிய தீவான ட்ரினிடாடில் பிறந்த திமிரோடு சிரிப்பாள் ஹயசிந்த். ஆனால் நீலக்குழுவின் முன்வரிசையில் தன் பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த வெற்றிடம் அவளுக்கு வருஷாவருஷம் வலித்தது.

இந்த வருஷம் ஊர்வலத்துக்கு முந்தின நாள், கையில் ஒரு பையோடு படியிறங்கி வந்தாள் டல்சி. கூடத்தில் ஊசிகள் நின்றன. பைக்குள் சிவப்பு ரவிக்கை.

"நான் சொன்ன அளவுக்கே வெட்டிட்டாங்க, ஹயசிந்த். கொக்கி மாட்டவே மாட்டேங்குது."

"நேர்மையானவங்கதான். அங்கேயே போய்ப் பிரிக்கச் சொல்றது?"

"எந்த வாயால கேப்பேன்?"

"அத்தை, எதிராளி வேஷத்துல கை வெக்காதீங்க!" என்றாள் மூலையிலிருந்து ஒருத்தி.

"உன் சிறகை நீ ஒட்டு."

இரண்டு பக்கத் தையலையும் பிரித்தாள். நீலக்கூடத்தில் சிவப்புத் துணிக்கு எங்கே போவது? அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலத் துண்டு வைத்துத் தைத்தாள்.

"கையை மட்டும் தூக்கிடாதே. நீலம் தெரிஞ்சா உன் ஆளுங்க தோலை உரிச்சிடுவாங்க."

"எவ்வளவு சேர்த்தே?"

"நூலிழைகூட இல்லை. தையல்தான் இறுக்கம்."

டல்சி இந்த முறை டேப்பைத் தேடவில்லை. நன்றியும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

மறுநாள் ஈஸ்டர்ன் பார்க்வே சாலையில் நீலக்குழு தன் முறைக்காக ஓரமாக நின்றது. சிவப்பு முதலில் வந்தது. எல்லாரும் கையை வீசி ஆட, முன்வரிசையில் டல்சி மட்டும் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு இடுப்பை மட்டும் ஆட்டிவந்தாள். ஹயசிந்துக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இப்படி ஆடத் தெரியாதவள் மாதிரி ஆடவைத்துவிட்டோமே என்று தோன்றியது.

டல்சி கூட்டத்துக்குள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தாள். நேர் எதிரே வந்து நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயரத் தூக்கினாள். பின்னால் வந்த சிவப்பெல்லாம் அவள்மேல் மோதியும் இறக்கவில்லை.