எல்லாப் புள்ளியையும் பார்த்தவள்

எனக்கும் என் தங்கைக்கும் அப்பா விட்டுப்போன சொத்து தொங்கும் மேல் இமை மட்டும்தான். அதையாவது சமமாகப் பிரித்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். இருபத்திரண்டு வருடமாக ஒரே சட்டைத் தொழிற்சாலையில், ஒரே மேசையின் எதிரெதிரே உட்கார்ந்து தையலில் குறை பார்க்கிறோம். அவள் பார்த்ததைவிட ஒரு சட்டையாவது கூடப் பார்க்காமல் நான் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் இமை கண்மணியையே மூட ஆரம்பித்தது. புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் நெற்றி முழுக்கக் கோடு. காலரில் விட்டுப்போன தையல் என் கண்ணுக்குத் தப்பி, இரண்டு முறை கடைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மூன்றாவது வந்தால் பேக்கிங்குக்குப் போக வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவள் மேசையில் இருக்க நான் அட்டைப்பெட்டி ஒட்டுவதா? அதற்கு வேலையையே விட்டுவிடலாம்.

இருவரும் கண் மருத்துவமனைக்குப் போனோம். இமை பார்வையை மறைக்கிறது என்று சோதனையில் தெரிந்தால் ஆபரேஷனைக் கம்பெனி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அது அழகுக்காகச் செய்வது, நம் பாடு. கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் போன தங்கை முகம் வாடி வெளியே வந்தாள். பாதி கூடத் தெரியவில்லையாம். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இவளிடம் தோற்பதா என்று புருவத்தை உச்சிவரைக்கும் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு புள்ளி விடாமல் அழுத்தினேன். வெளியே வந்து பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அவளுக்கு ஆபரேஷன் ஆயிற்று. எனக்கு இன்சூரன்ஸிலிருந்து வந்த கடிதத்தில் 'அழகுக்காக' என்று போட்டிருந்தது. கட்டுப் பிரித்ததும் பத்து வயது குறைந்து வந்து உட்கார்ந்தாள் பாவி. ஆளாளுக்கு அவளைப் புகழ, எனக்கு வயிறு எரிந்தது. நான் எந்த அழகிப் போட்டிக்குப் போகப் போகிறேன் என்று தையல் பிரிவில் கேலி வேறு. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

எதிரே உட்கார்ந்து என் புருவத்தையே பார்க்கிறவளுக்கு நடந்தது தெரியாதா? அவளே மறு சோதனைக்கு நாள் வாங்கி, என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் கருவிமுன் உட்கார்ந்ததும் பின்னால் நின்று என் நெற்றியில் விரல் வைத்து அழுத்தினாள்.

"புருவத்த தூக்காதக்கா. இந்த ஒரு தடவ எங்கிட்ட தோத்துப் போ."

நெற்றியைத் தளர விட்டேன். கீழே மூன்று நான்கு புள்ளிகள் மின்னின, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடியே காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று.

"ஏம்மா, மிஷின் நின்னு போச்சா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

நர்ஸை முந்திக்கொண்டு தங்கைதான் சொன்னாள்.

"இல்லக்கா. ஓடிக்கிட்டுதான் இருக்கு."