சவுக்குத் தோப்பில் நகர்ந்த கல்

என் கொழுந்தன் பகலவனைப் பற்றி பிள்ளைப்பாக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அவன் பிழைப்பைக் கெடுத்ததில் முதல் கை என்னுடையது என்பதால், முழுக் கதையும் எனக்குத்தான் தெரியும்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சோறு போட்டு, எண்ணெய் தேய்த்து, ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தது நான். என் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஆண் துணை வாரத்துக்கு ஒரு நாள்தான் என்றால் பெண்பிள்ளைக்கு நாலு பக்கமும் கண் வேண்டும். எனக்கு ஆறு பக்கம் இருந்தது. யாரையும் லேசில் நம்ப மாட்டேன், அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகலவனுக்குப் போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. தொண்ணூறாம் வருஷம் காஞ்சிபுரத்துக்குத் தேர்வுக்குப் போனான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். மூன்றாவது சுற்றிலேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். கூடப் போன ஒருத்தன் அதை ஊரெல்லாம் பரப்ப, டீக்கடையில் அவனுக்கு ‘வாந்தி இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும்? அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி இருந்தது. அதோடு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை தேர்ச்சி பெற்று உத்தரவு கையில் வருகிற வரைக்கும் ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டான். வீட்டில்கூட.

அது தொண்ணூற்றொன்று. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கம் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. பாத்திரம் விற்க வந்தவனை விசாரித்தே விரட்டினார்கள். சுங்குவார்சத்திரம் லாட்ஜில் யார் தங்குகிறார்கள் என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடக் கவனித்தார்கள். விடியற்காலையில் மெயின் ரோட்டில் ஒருத்தன் ஓடினால் பின்னாலேயே ஜீப் வரும். அதனால் பகலவன் ஏரியைப் பிடித்தான். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கலில் ஆரம்பித்து, கரை மேலேயே ஓடி, கடைக்கோடியில் கீழே இறங்கி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் போகிற மண் பாதையில் போவான். நீர்க்கோழியைத் தவிர அங்கே கேட்க ஆள் கிடையாது.

நாலரை மணிக்கு எழுந்து போகிறவன், ஆறு மணிக்குச் சட்டை முழுக்க நனைந்து வருவான்.

“எங்கடா போய்ட்டு வர?”

“சும்மா, ஏரிப் பக்கம் அண்ணி.”

சும்மா போகிறவனுக்கு முகம் ஏன் அப்படிச் சிவக்கிறது? முதலில் ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்தேன். சட்டையை மோந்துகூடப் பார்த்தேன், வியர்வைதான் அடித்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காக அரசாங்கம் நிலம் எடுக்கப் போகிறது என்ற பேச்சும் கிளம்பியது. எந்தக் கம்பெனி, எந்த நிலம் என்று ஒருவருக்கும் தெரியாது. புரோக்கர்கள் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து பம்புசெட் ஓரம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பில் எனக்கு முப்பது சென்ட் உண்டு. என் அப்பா என் பேருக்கு எழுதி வைத்தது. பகலவன் ஒரு நாளும் அந்தப் பக்கம் வேலைக்கு வந்ததில்லை, எல்லை எங்கே என்று அவனுக்குத் தெரியாது. என் துண்டுக்கு அடுத்தது பாப்பம்மாளுடையது, அதற்கடுத்தது ராஜம்மாவுடையது, அப்புறம் ஏரிப் புறம்போக்கு. எல்லாம் ஒரே வருஷம் நட்ட சவுக்கு. பகலிலேயே ஒன்றுபோல இருக்கும்.

ஒரு நாள் பாப்பம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள்.

“காந்திமதி, உன் கொழுந்தன் இன்னா வேல பண்ணிகினு கீறான்? விடியக்காலைல சைக்கிள தள்ளிகினு போறான். சக்கரத்துல செவப்புத் துணி கட்டிகினு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகினே போறான். அளக்கறானா?”

சாயங்காலம் தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். என் துண்டின் ஓரத்தில், பாதையை ஒட்டி, சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவன் சக்கரச் சுற்றை வைத்துக் கலங்கலிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை அளந்து, ஓடி முடிக்க வேண்டிய இடத்தில் அந்தக் கல்லை வைத்திருந்தான். நான் கண்டது அதுவல்ல. நிலம் எடுக்க அடையாளம் போட்டாயிற்று, காட்டிக்கொடுத்தது நான் சோறு போட்டு வளர்த்தவன். இதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய்தான் சொல்வான் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். கல்லைப் புரட்டிப் புரட்டி, பாப்பம்மாள் துண்டில், அதே பாதையோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து பாப்பம்மாள் கண்ணில் பட்டது. என் பக்கம் திருப்பித் தள்ளினால் நான் தெருவில் நின்று கத்துவேன் என்று பயந்து, அவள் அதை ராஜம்மா துண்டுக்குத் தள்ளினாள். ராஜம்மா ஒரு வாரம் பொறுத்து, அரசாங்கத்தின் கல் அரசாங்கத்திடமே போகட்டும் என்று புறம்போக்கில் வைத்துவிட்டாள். மூன்று பேரும் தினமும் கிணற்றடியில் பார்த்துக்கொண்டோம், சிரித்துப் பேசினோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, இதெல்லாம் பின்னால்தான் வெளியே வந்தது.

கல் ஏரியை நோக்கி வர வர, பகலவனுடைய நேரம் குறைந்தது. ஏழு நிமிடம் இருபத்தைந்து விநாடியில் நின்றவன் ஏழு ஐந்துக்கு வந்தான், பிறகு ஆறு ஐம்பது, கடைசியில் ஆறு முப்பத்தைந்து. இருட்டில், மூச்சு முட்ட வருகிறவனுக்குக் கல்லின் வெள்ளை மட்டும்தான் தெரியும். பிள்ளைப்பாக்கத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட அந்த நாளில், நம்பி ஓடியவன் அவன் ஒருத்தன்தான்.

வீட்டில் ஆள் மாறிவிட்டான். கூட ஒரு கரண்டி சோறு கேட்டான், குளிக்கும்போது பாட்டு வேறு. புரோக்கர் இவன் கையில் காசு வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நான் அடுப்படியில் பல்லைக் கடித்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவன், பொழுது சாயும்போது வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். கால் இரண்டும் புழுதி. காபி கொடுத்தேன், வாங்கவில்லை.

“ஏழு இருவது அண்ணி.”

“இன்னாடா ஏழு இருவது?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். நம்பவே முடியாமல், மைதானத்தில் நேரம் பார்த்தவரிடம் “சார், உங்க வாட்ச் தப்பு, தெனம் நான் ஆறு முப்பத்தஞ்சுல ஓடறேன்” என்று சண்டை போட்டிருக்கிறான். அவர், “போய் வேற வேலயப் பாருப்பா” என்றாராம். கூட ஓடியவர்கள் சிரித்தார்களாம்.

“கலங்கல்லேர்ந்து கல்லு வரைக்கும் நான்தான் அளந்தேன் அண்ணி. அறுநூத்தி எம்பத்திரெண்டு சுத்து. எப்பிடி தப்பாவும்?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. மறுநாள் காலை அவன் சைக்கிளை எடுத்தபோது நானும் கூடப் போனேன். அவன் எண்ணிக்கொண்டே தள்ளினான், நான் பின்னால் நடந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டில் கல் வந்துவிட்டது. அவன் கல்லைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்தேன்.

“யாரு அண்ணி?”

“மொதல்ல நான்தான்டா. நெலத்த புடுங்கப் போறாங்கன்னு... நீயும் அவங்களோட சேந்துகினேன்னு நெனச்சிட்டேன்.”

அவன் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கீழே உட்கார்ந்து, சக்கரத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டான்.

“வாட்ச சந்தேகப்பட்டேன், அந்த சார சந்தேகப்பட்டேன். வூட்டு ஆளுங்க மேல தோணவே இல்ல அண்ணி” என்றான். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

அந்த மாதமே படப்பையில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பண்டிகைக்கு வருவான், கேட்டதற்குப் பதில் சொல்வான், கிளம்பிவிடுவான். என் முப்பது சென்டை எடுக்க இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

ஆறேழு வருஷம் கழித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் அவனுக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்தது. யூனிபார்மில் அவனைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவனுக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி, பையில் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்துப் போனேன். கேட்டில் அவன்தான் நின்றான். காக்கி அவனுக்கு நன்றாகவே இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு, நோட்டைத் திறந்தான்.

“பேரு?”

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான்.

“காந்திமதி.”

“யாரப் பாக்கணும்?”

“உன்னத்தான்டா, பகலவா.”

அதையும் எழுதினான். எழுதி முடித்துவிட்டு, “பையத் தொறந்து காட்டுங்க அண்ணி” என்றான்.

நான் திறந்து காட்டினேன்.