பின்னறைக்கு அனுமதி இல்லை

அந்தப் பல் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் டெலிஃபோன் அக்கா. நாளைக்கு யாருக்கு முறையோ அவர்களை இன்றே ஃபோனில் கூப்பிட்டு நினைவூட்டுவது அவள் வேலை. பல்லைப் பிடுங்கப் பயந்து சாக்குச் சொல்பவர்களைக்கூடப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததும் அந்தக் குரல் போனது. மிஞ்சியது வெறும் காற்று.

அவள் இருந்த முன்மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். டாக்டர் எடுத்த எடுப்பில் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. நினைவூட்டலைக் கணினியே குறுஞ்செய்தியாக அனுப்பும்படி செய்ய முடியுமா, திங்கட்கிழமை காட்டுங்கள் என்றார். முடியாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு சின்ன நிரல் எழுதினாள். முன்மேசைக் கணினியில் அது சமர்த்தாக ஓடியது. இப்போது அவளுக்கென்று ஒதுக்கியிருந்த பின்னறைக் கணினிக்கு அதையே கொண்டுபோனதும் முரண்டு பிடித்தது. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற ஒரே பல்லவி. கடவுச்சொல்தான் தப்பு என்று நினைத்து, சனிக்கிழமை முழுக்க அதையே மாற்றி மாற்றி அடித்தாள். சுற்றிலும் அலமாரிகளில் நோயாளிகளின் பல் அச்சுகள். அறை நிறைய வாய்கள். பேச ஒன்றுகூட இல்லை.

வெளியூரில் கணினி வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டாள்.

“அக்கா? லைன்ல இருக்கியா? ஒண்ணும் கேக்கல.”

இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். அவன் வைத்துவிட்டான். திரையைப் படமெடுத்து அனுப்பியபின் அவனே கூப்பிட்டான்.

“நீ பேசாத, கேளு. பாஸ்வேர்டு தப்புன்னா உள்ள கூப்பிட்டு வச்சுத் திட்டும். இது கதவே தெறக்கல. நீ எந்த வீட்டைத் தட்டிட்டு இருக்க?”

அவள் முகவரி வரியைப் பார்த்தாள். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றிருந்தது. இதே கணினியில் தேடு என்று பொருள். நோயாளிகளின் விவரமெல்லாம் இருப்பது முன்மேசைக் கணினியில். அங்கே அது சரி. இங்கே? ஆளில்லாத வீட்டுக்கு நாள் முழுக்க விதவிதமாகச் சாவி போட்டிருக்கிறாள்.

முன்மேசைக் கணினியின் முகவரியை எழுதினாள். இப்போது பிழை மாறியது: ‘இந்தக் கணினியிலிருந்து வருபவருக்கு அனுமதி இல்லை.’ சிரிப்பு வந்தது, சத்தம் வரவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

அனுமதியை முன்மேசையில்தான் போட வேண்டும். போனபோது அந்தப் புதிய பெண் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள்.

“மேடம், இவரு பயந்துக்கிட்டு வரவே மாட்டேங்கிறாரு. என்ன சொல்ல?”

பழக்கத்தில் ரிசீவருக்கு நீண்ட கையை அக்கா மடக்கிக்கொண்டாள். குனிந்து அவள் காதில் சொன்னாள்:

“வலிக்காதுன்னு சொல்லாத, நம்ப மாட்டாரு. முதல் ஆளா முடிச்சு அனுப்பிடுறோம்னு சொல்லு.”

பெண் அப்படியே ஒப்பித்தாள். அவர் ஒத்துக்கொண்டார். பிறகு எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அக்கா பின்னறைக்கு அனுமதி போட்டாள்.

திங்கட்கிழமை டாக்டரின் கண்ணெதிரே செய்திகள் போயின.

“பிரமாதம். இனிமே நீங்க முன்னால வந்து அலைய வேண்டியதே இல்ல. எல்லாம் அங்கருந்தே பாத்துக்கலாம்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் தலையாட்டினாள். வேலை நிலைத்துவிட்டது.

மறுநாள் பின்னறையில் நிரலை ஓடவிட்டாள். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் இறங்கின. ஒவ்வொருவரும் எப்படி ‘ஹலோ’ சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இன்று யாரும் சொல்லவில்லை. எல்லாச் செய்திகளும் போய்ச் சேர்ந்தன.