கறுத்த நாக்கு

கஞ்சிக்கோட்டில் எங்கள் ஆலையின் காவலாளி, வாசல் அறைக்குப் பின்னால் கருங்கோழி வளர்த்தார். நெட்டையான மனிதர். குஞ்சு பொரித்ததும் குனிந்து ஒவ்வொன்றின் அலகையும் விரித்துப் பார்ப்பார். “நாக்கு வெளுத்திருந்தா கலப்புங்க.” கலப்பு சந்தைக்குப் போய்விடும்.

என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. கருஞ்சேவல் சாறு கொடுக்கச் சொன்னார் வைத்தியர். காவலாளியிடம் இருந்ததோ ஒரே சேவல். தயங்கித்தான் கேட்டேன். உடனே பிடித்து வந்து, அதன் அலகையும் விரித்து நாக்கைக் காட்டிவிட்டே கொடுத்தார்.

“இனிச் சேவலுக்கு என்ன பண்ணுவீங்க?”

“ஒம்பது முட்டை அடையில இருக்குதுங்க. ஒண்ணாச்சும் சேவலா இருக்காதுங்களா?”

மகள் தேறினாள், சாற்றாலா, ஆஸ்பத்திரி மாத்திரையாலா, தெரியாது. அதன்பின் பல மாதம், வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கூவலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். அவரிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை.